கை நீட்ட மாட்டேன்

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அக்காவை மச்சான் தினமும் அடித்தார். போலீசுக்குப் பயப்படாதவர் சாமிக்குப் பயப்படுவார் என்று நம்பி, சோழவந்தான் பக்கத்திலுள்ள எங்கள் ஊர்ப் பூசாரியிடம் பேசிச் சம்மதிக்க வைத்தேன். மச்சான் உட்பட ஊர் ஆண்கள் எரியும் சூடத்தைக் கையால் அணைத்து, "பொண்டாட்டிமேல இனிக் கை நீட்ட மாட்டேன்" என்று சத்தியம் செய்தார்கள். அந்த வாசகம் நான் எழுதிக் கொடுத்தது. அன்று முழுவதும் தலைநிமிர்ந்தே நடந்தேன்.

அடுத்த வாரம் அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே வந்த மச்சான் சிரித்தார். "கையத்தான கொழுந்தியா சொல்லச் சொன்ன? நான் காலாலதான் மிதிச்சேன்."

பூசாரியிடம் ஓடினேன். "சத்தியத்த மீறலையே தாயி" என்றார்.

"காலையும் சேத்து எழுதியிருக்கலாம்ல?" என்று அக்கா மெல்லக் கேட்டாள்.

எதைச் சேர்த்து எழுதியிருந்தாலும் மச்சானுக்கு ஒரு வழி கிடைத்திருக்கும், பூசாரியும் தலையாட்டியிருப்பார். அதை அக்காவிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.