டிரைவ் ஓடினால் ரேடியோ ஓடாது

மோட்டார் நின்றால் முதலாளி திட்டுவார். ஓடினால் தெருவே திட்டும். அதுதான் எங்கள் தொழில். மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்துச் சீரழிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் ஒன்றை என் பேச்சை நம்பி முதலாளி வாங்கினார். சில மாதம் நல்ல பிள்ளையாக ஓடியது.

டீக்கடையில்

ஆயுத பூஜைக்கு மறுநாள். மில் ஓடத் தொடங்கியதும் எதிர்த்த டீக்கடை ரேடியோவில் செய்தி போய் 'கொர்ர்' வந்தது. டிரைவை நிறுத்தினால் செய்தி. ஓட்டினால் கொர்ர். கடைக்காரர் கிளாஸை டங்கென்று வைத்தார்.

"அண்ணாச்சி, டீ வேணும்னா ஒங்க மிசினை அமத்திட்டு வாங்க."

முதலாளி அறையில்

தெருவில் மற்ற ரேடியோக்களிலும் இதே கொர்ர். தெருவே திரண்டு முதலாளியிடம் போய்விட்டது. அவர் என்னைக் கூப்பிட்டார். இரைச்சல் அடங்காவிட்டால் டிரைவைக் கழற்றி, வாங்கிய இடத்துக்கே அனுப்புவாராம். கூடவே என் மரியாதையும் பார்சல்.

"ஒம்ம பேச்சைக் கேட்டு மாட்டுனேன். சனிக்கிழமை வரைக்கும் பாரும். பொறவு ஊரு பேச்சைக் கேப்பேன்."

ஸ்ரீவில்லிபுத்தூர் வைத்தியர்

டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளை மாற்றினேன். இரைச்சலைத் தடுக்கும் ஃபில்டர் போட்டேன். மீட்டர் வைத்துப் பார்த்தேன். எர்த் குழியில் உப்பும் கரியும் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். கொர்ர் அசையவில்லை.

வெள்ளிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ரேடியோ ரிப்பேர்காரர் ஒருவரை வரவழைத்தேன். கையில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர், அம்புட்டுதான். டிரைவை ஓட்டச் சொல்லி, அதைப் பாடவிட்டுக் கேபிள் ஓரமாகவே கொண்டுபோனார். மோட்டாருக்குப் பக்கத்தில் காது கிழிந்தது.

"மீட்டரைப் பைக்குள்ள போடும். இது எங்க கத்துதோ அங்கதான் வெனை."

பச்சை பெயிண்ட்

அங்கே மோட்டாரை எர்த்தோடு சேர்த்துப் போல்ட் போட்டிருந்த பட்டை புதுப் பெயிண்டில் பச்சைப் பசேலென்று மின்னியது. டிரைவ் கிளப்பும் இரைச்சல் அந்தப் பட்டை வழியாகத்தான் திரும்ப வேண்டும். வழியைப் பெயிண்ட் மறித்தால் கேபிள் முழுக்க ஏரியல்தான்.

பூஜைக்கு மிசினைச் சிங்காரித்த ஃபிட்டரைக் கூப்பிட்டேன். பெயிண்டைப் பட்டைக்கு மேலே மட்டும் அடித்தாயா, அடியிலுமா என்று கேட்டேன். அவனுக்கு ரோசம் வந்துவிட்டது.

"மேலாப்புல அடிக்க நான் என்ன சோம்பேறியாண்ணே? கழட்டி, ரெண்டு பக்கமும் அடிச்சு, காயவிட்டுல்ல மாட்டுனேன்."

சனிக்கிழமை

பட்டையைக் கழற்றி, போல்ட்டுக்கு அடியில் உலோகம் வெள்ளையாகத் தெரியும்வரை அவனையே சுரண்டவைத்தேன். டிரைவ் ஓடியது. எதிரே ரேடியோவும் பேசியது. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பினார். அவரிடம் அதுவே பாராட்டு. டீக்கடைக்காரர் செத்த நேரம் செய்தி கேட்டார். பிறகு எனக்கு டீயை நீட்டினார்.

"தெளிவாத்தான் கேக்கு அண்ணாச்சி. இந்தச் செய்திக்கு அந்தக் கொர்ரே தேவலாம்."

ஆயுத பூஜைக்கு மிசினுக்குப் பொட்டு எம்புட்டு வேண்டுமானாலும் வையுங்கள், போல்ட்டுக்கு அடியில் மட்டும் பக்தியைக் காட்டாதீர்கள்.