சித்தப்பாவின் பின்னல்

என் துணி அலமாரியின் அடித்தட்டில், பழைய போர்வைகளுக்குக் கீழே ஒரு மருத்துவமனைப் பை இருக்கிறது. அதற்குள் நான்கடி நீளத்துக்குத் தலைமுடி. என் சித்தப்பாவுடையது. என் மனைவி அந்தத் தட்டைத் திறப்பதே இல்லை. எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள், பயமாக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். எனக்கும் பயம்தான். அவளைவிட அதிகமாகவே.

சித்தப்பா, அப்பாவின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா போன பிறகு பொங்கோல் வட்டாரத்து அடுக்குமாடி வீட்டில் அம்மா, அவர், நான். பிற்பாடு என் மனைவி. சாங்கி விமான நிலையத்தின் சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நாற்பது வயதில், வருஷாவருஷம் ராணுவத்துக்குப் போய்வர வேண்டிய ரிசர்விஸ்ட் கடமை முடிந்து, ராணுவச் சாமான்களை ஒப்படைத்துவிட்டு வந்த அன்று கண்ணாடி முன் நின்று, ஒட்ட வெட்டிய தலையைத் தடவிக்கொண்டே, "இனிமே என் தலைக்கு நான்தான் ஆபீசர்" என்றார். நாங்கள் சிரித்தோம். அதற்குப் பிறகு பதினாறு வருஷம் அந்தத் தலையில் கத்தரி படவில்லை. முடி முதுகைத் தாண்டி, இடுப்பைத் தாண்டித் தொடைவரை வந்து நின்றது. என்ன வேண்டுதல், எந்தக் கோயிலுக்கு என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. "முடி எனக்கு வளருது, உனக்கு ஏன்டா அரிக்குது?" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் தலை முழுக்கு. நல்லெண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டில் காய்ச்சி, சிராங்கூன் ரோட்டில் வாங்கிய வேப்பமரச் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுத்துக்கொண்டு போவார். அவசரப்பட்டு உச்சியிலிருந்து இழுத்தால் அறுந்துவிடுமாம். அந்தச் சீப்பை வேறு யாரும் தொடக்கூடாது. சீயக்காய் போட்டு அலசியபின் வீட்டு வாசலில், துணி காயும் கம்பிக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அம்மாவின் சேலைக்கும் என் அலுவலகச் சட்டைக்கும் நடுவில் அவருடைய முடி காய்ந்துகொண்டிருக்கும். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி ஒருநாள் கறுப்பு எள்ளுப் பொடி ஒரு பொட்டலம் கொண்டுவந்து, சாப்பிட்டால் நரைக்காது என்று கொடுத்துவிட்டுப் போனார். வேலைநாளில் மூன்று சுற்றாகச் சுற்றி, வலை போட்டு, மேலே தொப்பி. வீட்டில் அவிழ்த்துவிட்டிருக்கும்போது, எங்கே உட்காரும் முன்னும் இடக்கை தானாகப் பின்னால் போய் முடியை அள்ளி மடிக்குக் கொண்டுவரும். இல்லாவிட்டால் அதன்மேலேயே உட்கார்ந்துவிடுவார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். ரயிலில் பின்னால் நின்று கைப்பேசியில் படம் எடுப்பார்கள். ஒரு கடைத்தொகுதியில் துப்புரவு செய்யும் பெண்மணி அவருடைய முதுகை மட்டும் பார்த்துவிட்டுப் பெண்கள் கழிவறையைக் கைகாட்டினார். சித்தப்பா திரும்பி மீசையைக் காட்டினார். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நான் பத்தடி தள்ளி, அந்த ஆள் யாரோ என்பது போல் ஒரு செருப்புக் கடையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். என் கல்யாணத்துக்குத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வரும்படி அம்மா மூலமாகச் சொல்லிவிட்டேன். நேரில் சொல்லத் துணிச்சல் இல்லை. கட்டிக்கொண்டு வந்தார். "மாப்பிள்ளைக்கே இல்லாத தலப்பா எனக்கு" என்று மண்டபம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

அவர் விழுந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். தலை அலசிவிட்டு வந்தவர் சமையலறை வாசலில் சரிந்தார். ஆம்புலன்ஸில் அவருடைய ஈரமுடியைத் துண்டில் சுற்றி என் மடியில் வைத்திருந்தேன். என் கால்சட்டை நனைந்து சீயக்காய் வாசம் அடித்தது. மூளையில் ரத்தக்கசிவு, உடனே அறுவை சிகிச்சை என்றார்கள். மருத்துவர் இளைஞர், பொறுமையானவர். காதுக்கு மேலே ஒரு பட்டை மட்டும் மழித்தால் போதும், மீதியைக் கட்டி ஒதுக்கிவிடலாம். இல்லை, பராமரிக்கச் சிரமம் என்றால் முழுவதும் எடுத்துவிடலாம். குடும்பத்தின் விருப்பம் என்ன என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார். அம்மா வெளியே அழுதுகொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். தொற்று வரலாம், படுக்கையில் யார் சிக்கெடுப்பது என்றெல்லாம் காரணங்கள் வரிசையாக வந்தன. எல்லாம் வாயைத் திறந்த பிறகு வந்தவை. முதலில் வந்தது ஒரு நிம்மதி. அப்பாடா, இனி இது இல்லை என்ற நிம்மதி. சித்தப்பா பிழைப்பாரா என்று தெரியாத அந்த நிமிஷத்தில் எனக்கு அது வந்தது.

மாலையில் ஒரு மலாய்த் தாதி என்னிடம் பையைக் கொடுத்தார். வெட்டும் முன் தானே பின்னியதாகச் சொன்னார். ஒரு இழை பிசகாமல் அவ்வளவு நேர்த்தியாகப் பின்னி, இரண்டு முனையிலும் நீல ரப்பர் வளையம் போட்டிருந்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

சித்தப்பா பிழைத்தார். வலக்கை, வலக்கால் வரவில்லை. பேச்சு ஒன்றிரண்டு சொல்லாகச் சுருங்கிவிட்டது. கோல் ஊன்றி வீட்டுக்குள் நடக்கப் பழகிய பிறகு ஒருநாள், கட்டையாக முடி முளைத்திருந்த தலையைத் தடவிக்கொண்டு, "யாரு... சொன்னா?" என்றார்.

"டாக்டர்தான் சித்தப்பா. நேரமே இல்லன்னாரு. அள்ளி வெட்டித் தூக்கிப் போட்டுட்டாங்க."

என்னையே பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டு நாற்காலியில் உட்காரப் போனார். இடக்கை பின்னால் போயிற்று. இல்லாத முடியை அள்ளி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்று முதல் ஒவ்வொரு முறையும் அப்படித்தான். நான் அறையைவிட்டு எழுந்து போய்விடுவேன்.

பையைக் காட்ட முடியாது. நேரமில்லாமல் அள்ளி வெட்டிய முடியை யார் உட்கார்ந்து பின்னியிருப்பார்கள்? பின்னலே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். போர்வைகளுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

ஞாயிறு காலைகளில் அம்மா கோயிலுக்குப் போவாள், நானும் மனைவியும் தேக்கா சந்தைக்குப் போவோம். இரண்டு மணி நேரம் சித்தப்பா தனியாகத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்திருந்தோம். அந்த மாதங்களில் அம்மாவுக்கு ஒரு புலம்பல் உண்டு: நல்லெண்ணெய் போத்தல் வாங்கி வைத்தால் நிற்பதில்லை, இந்த வீட்டில் எண்ணெயை யாராவது குடிக்கிறீர்களா என்று. நாங்கள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

எட்டு மாதம் இருந்தார். பிறகு தூக்கத்திலேயே போய்விட்டார். சவப்பெட்டியில் வைக்க அம்மா அவருடைய மூக்குக்கண்ணாடியையும் தொப்பியையும் எடுத்து வந்தாள். வேப்பமரச் சீப்பு மட்டும் அகப்படவில்லை. வீட்டையே புரட்டிப் போட்டாள். போகும் மனுஷனுக்கு அந்தச் சீப்பைக்கூடக் கொடுக்க முடியவில்லையே என்று மண்டாய் தகனச்சாலைக்குப் போகும் வழியெல்லாம் அழுதாள். அலமாரிக்குள் இருந்த பின்னல் நினைவில் குத்திக்கொண்டே இருந்தது. அதைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைக்க எனக்குக் கைதான் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், யாருக்கும் தெரியாமல் கடலில் விட்டுவிடலாம் என்று பையை எடுத்தேன். கை வழுக்கியது. பிரித்தேன். சீயக்காய் வாசம் இல்லை, நல்லெண்ணெய். தாதி பின்னிய பின்னல் இல்லை. கோணலும் மாணலுமாக, ஓரிடத்தில் தொளதொளவென்று, ஓரிடத்தில் இறுக்கமாக, ஒரு கையால் பின்னிய பின்னல். அதன்மேல் சீப்பு.

அவர் எப்போது கண்டுபிடித்தார், எத்தனை ஞாயிறு என் கட்டிலில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் சிக்கெடுத்தார் என்று தெரியாது. தன் அறைக்கு எடுத்துப்போயிருக்கலாம். என் முகத்தில் விட்டெறிந்திருக்கலாம். நாங்கள் வரும் முன் மடித்து, அதே இடத்தில், அதே போர்வைகளுக்கு அடியில் வைத்துவிட்டு, தெரியாதவர் போல வந்து தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கிறார். என்னை மன்னித்தாரா, என்னிடமே இருக்கட்டும் என்று தண்டித்தாரா? இரண்டில் எது என்று நினைத்தாலும் தூக்கம் போகிறது.

கடலில் விடவில்லை. இப்போதும் ஞாயிறு காலையில் எண்ணெய் காய்ச்சி, உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு அந்தத் தட்டைத் திறக்கிறேன். தொடுவதற்கு முன், தொடட்டுமா சித்தப்பா என்று கேட்கிறேன். எண்ணெய் ஆறி முழங்கைவரை வழிகிறது. தொடாமலே கையைக் கழுவிவிட்டு வந்து தட்டை மூடுகிறேன். அவருடைய பதில் எனக்குத் தெரியும். அன்று மருத்துவர் கேட்டபோதும் தெரிந்துதான் இருந்தது.