இடது மூலையில் நைனா

போன திங்கட்கிழமை காலை. பொன்னேரியில் என் வாடகை அறையின் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் — நைனா! இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை, கையில் ஒரு துணிக்கடைப் பை.

இந்த அறைக்கு நான் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அப்பா இதற்கு முன் வந்தது ஒரே ஒரு தடவை. அதுவும் ஒரு சாவுச் செய்தியோடு.

"இன்னா நைனா, யாருக்கு இன்னா?"

"நான் வந்தா யாருக்காவது எதுனா ஆகியிருக்கணுமா? கெளம்பு. சினிமாவுக்குப் போலாம்."

சினிமாவா? நைனாவா?

"ஏரியில இந்த வாரம் எங்களுக்குப் பாடு இல்ல. உனக்கும் காலேஜ் லீவு. அப்புறம் இன்னா?" என்று பையை ஆணியில் மாட்டினார். உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு வாரத்துக்கான துணி!

பாடு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் சில உண்டு. நினைத்தவர்கள் நினைத்தபோது போய் வலை போட முடியாது. ஊர் கூடிச் சீட்டுப் போடும். இன்ன நாள், இன்ன இடம், இன்ன குழு... அதுதான் பாடு. உங்கள் நாளில் நீங்கள் போகவில்லையா? போனது போனதுதான். மறுநாள் வேறு ஒருத்தருடையது. எங்கள் ஊரில் கல்யாணத் தேதியைக்கூட ஜோசியரிடம் கேட்பதற்கு முன்னால் பாடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அப்படிப்பட்ட ஒரு நாளைத்தான் நைனா போன வருஷம் தொலைத்தார். ஒரு சினிமாவுக்காக.

டச்சுக்காரர்கள் காலத்துப் பழவேற்காடு பற்றிய படம். (பேர் வேண்டாம். நைனா படிக்க மாட்டார், ஆனால் யாராவது படித்துக் காட்டிவிடுவார்கள்.) படக்குழு ஊருக்கு வந்தது. கோட்டையை விட்டு ஓடும் டச்சு வீரர்களை ஏற்றிக்கொண்டு போக ஒரு படகோட்டி வேண்டும் என்றார்கள். கூட்டத்தில் நின்ற நைனாவைப் பார்த்து, "இவர் நிக்கறதே நல்லா இருக்கு" என்று டைரக்டர் சொன்னாராம். அவ்வளவுதான். நைனா விழுந்துவிட்டார். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். ஏற்கெனவே வெயிலில் கறுத்த உடம்பு — அதற்கு மேல் கறுப்புச் சாயம் வேறு! மஞ்சள் விக் வைத்த நாலு வடநாட்டு இளைஞர்களை ஏற்றிக்கொண்டு, கழி ஊன்றிப் படகைத் தள்ளினார். பதினோரு தடவை. ஒவ்வொரு தடவையும் கரையிலிருந்து "ஒன் மோர்!" என்று மைக்கில் சத்தம். நைனாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் இன்று வரை அது ஒன்றுதான்.

அன்றைக்குப் பாடு.

படகு ஒன்று, குழுவில் மூன்று பேர். நைனா, அம்மாவின் தம்பி ஏழுமலை மாமா, தேசிங்கு அண்ணன். "அரை மணி நேரம்தான், தோ வந்துட்டேன்" என்று படகோடு போனவர் பொழுது சாயும்போதுதான் வந்தார். வலையை வைத்துக்கொண்டு இரண்டு பேர் நாள் முழுக்கக் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஏரியே பார்த்துச் சிரித்தது.

அன்றிலிருந்து ஏழுமலை மாமா நைனாவோடு பேசுவதில்லை.

பேசாமல் எப்படி ஒரே படகில் தொழில் செய்வது? அதற்குத்தான் தேசிங்கு அண்ணன்! "தேசிங்கு, அந்த நடிகரு கிட்ட சொல்லு, கழிய இந்தப் பக்கம் போடணுமாம்" என்பார் மாமா. நடிகர் இரண்டு முழம் தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பார். "தேசிங்கு, படம் வரட்டும்னு சொல்லு. நான் எதுக்குப் போனேன்னு அப்ப தெரியும்" என்பார் நைனா. ஒரு வருஷமாக இதே கதை. நடுவில் மாட்டிக்கொண்டது அம்மா. தம்பிக்குக் கொடுத்தனுப்பும் இறால் குழம்பு, மூடி திறக்காமலே வீடு திரும்பும்.

அந்தப் படம்தான் இப்போது பொன்னேரி தியேட்டருக்கு வந்திருக்கிறது.

திங்கட்கிழமை மதிய ஆட்டம். நைனா சீட் நுனியில் உட்கார்ந்திருந்தார். வாய் சும்மா இருக்குமா? "வாடைக் காத்துன்றான், கதாநாயகன் முடி எந்தப் பக்கம் பறக்குது பாரு." "ஏரியில ஏதுடா இம்மாம் பெரிய அலை?" முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் ஒரு தடவைதான் திரும்பினார், நைனா நிறுத்தவில்லை.

இடைவேளை முடிந்து வந்தது அந்தக் காட்சி. கோட்டை எரிகிறது. புகை. புகைக்குள் பத்து இருபது படகுகள். எல்லாமே நிழல் மாதிரி. நான் கண்ணைச் சுருக்கிக்கொள்வதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

நைனா கண்ணைக் கசக்கிக்கொண்டார். வெளியே வந்ததும், "கண்ணுல தூசி வுழுந்துடுச்சு. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

அப்புறம் ஓட்டலுக்குப் போனோம். நைனா மீன் வறுவல் கேட்டார். வந்ததும் தட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "தம்பி, இதோட செவுளக் காட்டு" என்றார். சர்வர் மிரண்டுவிட்டார்.

"வறுத்தாச்சு சார்... செவுளுக்கு நான் எங்க போவேன்?"

"செவுளு செவப்பா இருக்குதான்னு பாக்காம எப்படிப்பா வாய்ல வெக்கிறது?"

கடைசியில் பரோட்டா. அதைக் கண்டதும் நைனாவின் முகம் தெளிந்தது. ஒரு விரலைத் தூக்கி, தியேட்டர் வரைக்கும் கேட்கும்படி — "ஒன் மோர்!"

செவ்வாய்க்கிழமையும் அதே படம். புதனும் அதே. ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். குறுக்கே ஒருத்தன் போனான்... முன்னால் ஒரு பொம்பளை கொண்டையோடு உட்கார்ந்தாள்... பிறகு ஒரு ஓட்டல். புதன்கிழமை கோபி மஞ்சூரியன் வாங்கிக் கொடுத்தேன். செக்கச் செவேலென்று வந்ததை இறால் என்றே நம்பி, மென்று, "இது எந்த ஏரி எறாலுடா? ஒடம்புல சத்தே இல்ல" என்றார். காலிஃப்ளவர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நான் படித்தவன். எங்கள் வீட்டிலேயே முதலில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன். கல்லூரியில் கெஸ்ட் லெக்சரராக இயற்பியல் நடத்துகிறேன் — அதிலும் ஒளியியல்! ஒரு காட்சியை எடிட்டிங்கில் வெட்டியிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அதை நைனாவிடம் எப்படிச் சொல்வது? அது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லையே!

வியாழக்கிழமை நாலாவது தடவை. படம் முடிந்து ஓட்டலில் உட்கார்ந்தோம். பரோட்டா வந்தது. நைனா பிய்க்கவே இல்லை. தண்ணீர் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"வெட்டிட்டாங்களாடா?" என்றார் மெதுவாக. "ஏழுமலை மூஞ்சில நான் இனிமே எப்படி முழிப்பேன்?"

அவ்வளவு பெரிய உடம்பு அந்த நாற்காலியில் சின்னதாகத் தெரிந்தது. என் வாய் தானாகத் திறந்தது.

"இல்ல நைனா. நான் இன்னிக்குப் பாத்துட்டேன். இடது மூலையில. புகைக்குள்ள. நீதான்."

"நெஜமாவா?"

"சத்தியமா."

நைனா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பரோட்டாவைப் பார்த்தார். ஒரு விரலைத் தூக்கினார்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். அப்பாடா, பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். சனிக்கிழமை அம்மாவிடமிருந்து போன்.

"டேய், நாளைக்கு மதிய ஆட்டத்துக்கு ஊரே வருதுடா! இடது மூலையில இருக்காராமே? ஏழுமலையும் வரானாம். தேசிங்கு கிட்ட சொல்லி அனுப்பிச்சான்."

பொய் சொன்னது ஒருத்தரிடம். இப்போது அதைத் திரையில் ஊருக்கே காட்ட வேண்டும்! காய்ச்சல் என்று படுத்துவிடலாமா? மீஞ்சூர் பக்கம் ஓடிவிடலாமா?

ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. இறங்குகிறார்கள், இறங்குகிறார்கள்... முடியவே இல்லை. ஒரு வரிசை முழுக்க எங்கள் ஊர். நைனா ஒரு கோடி. ஏழுமலை மாமா மறு கோடி. நடுவில் நான், வியர்வையில்.

இடைவேளை முடிந்தது. கோட்டை எரிந்தது. "இடது மூலை, இடது மூலை" என்று வரிசை முழுக்க முணுமுணுப்பு. எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. புகை வந்தது. படகுகள் வந்தன. போயின. பாட்டு ஆரம்பித்தது.

நைனா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் மறு கோடியில் ஏழுமலை மாமா எழுந்து நின்றார்.

"யோவ் மாமா! உனக்கு அறிவு இருக்குதாய்யா? நம்ம நைலான் வலையக் கொண்டாந்து டச்சுக்காரன் காலடியில போட்டு வெச்சிருக்கியே! அந்தக் காலத்துல ஏதுய்யா நைலான்? நான் பச்சை நூலு போட்டு முடிஞ்ச எடம் பளிச்சுனு தெரியுது! மானம் போச்சு!"

பின்னால் இருந்தவர்கள் "உக்காருய்யா" என்று கத்தினார்கள். ஆனால் எங்கள் வரிசைக்கு உயிர் வந்துவிட்டது. ஆமா, வலை தெரிஞ்சுது. நீல வலை. முதுகும் தெரிஞ்சுது. "அண்ணன் முதுகுதான், சந்தேகமே இல்ல" என்றார் தேசிங்கு அண்ணன். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் காதில் விழுந்தது. 'தேசிங்கு, சொல்லு' இல்லை. நேராக, அக்கா புருஷனைப் பார்த்து — 'யோவ் மாமா'. ஒரு வருஷம் கழித்து!

ஓட்டலில் நாலு மேஜையை இழுத்துச் சேர்த்தோம். மாமா தன் தட்டிலிருந்த மீனை நைனா பக்கம் தள்ளினார். "செவுளு பாத்துட்டேன், துன்னு" என்றார். சர்வர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

ஆட்டோ ஏறும் நேரம். நைனாவை மட்டும் ஓரமாக இழுத்துப்போய்க் கேட்டேன்.

"நைனா, எனக்கு அந்த வலை தெரியலையே. நீ பாத்தியா?"

"எப்படிடா பாப்பேன்?" என்றார் நைனா. "வலைதான் படகுலயே இல்லியே! அன்னிக்குப் பூரா அது கரையில கெடந்துச்சு. அவன்தான் அது மேல உக்காந்துனு இருந்தான்."

"மாமா, ஏறுய்யா! காலையில பாடு இருக்குது!" — ஆட்டோவுக்குள்ளிருந்து ஏழுமலை மாமா.

நைனா என் தோளில் தட்டினார். "இடது மூலைன்னு நீயும் கரெக்டாத்தான் சொன்ன" என்றார். பாராட்டா, கிண்டலா? கேட்பதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது.

நைனா படத்தில் இருக்கிறாரா, இல்லையா? நான் சொன்னது பொய் என்று நைனாவுக்கு எப்போது தெரியும்? தான் சொன்னதும் பொய் என்று நைனாவுக்குத் தெரியும் என்பது மாமாவுக்குத் தெரியுமா? ஐந்து தடவை பார்த்த படத்தில் எனக்கு இன்னும் கதையே புரியவில்லை.

அடுத்த வாரம் கல்லூரி திறக்கிறார்கள். முதல் வகுப்பு ஒளியியல். 'ஒளி நேர்க்கோட்டில் செல்லும்' என்று போர்டில் எழுத வேண்டும்... கை கொஞ்சம் தயங்கும் போலிருக்கிறது.