சேசிஸில் ஒட்டியிருந்த உப்பு

செங்கல்பட்டில் நான்கு லாரி, சொந்த ஷெட், செய்யூரில் மாடி வீடு. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான் சம்பாதித்தது இவ்வளவும். நேற்று ஷெட்டில் ஒரு லாரியின் துருப்பிடித்த சேசிஸுக்கு, அதாவது அடிச்சட்டத்துக்கு, துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்தார்கள். அந்த நெடி ஏறியதும், சின்ன வயதில் இருந்த மாமல்லபுரம் பக்கத்து மீனவக் குப்பத்துக்கே மனசு போய்விட்டது.

அப்பாவின் மீன் லாரியில் மீன் கூடைகளிலிருந்து தண்ணீர் வழிந்து சேசிஸ் துருவேறிக் கிடந்தது. வண்டி ஓடத் தகுதியானது என்று தரும் எஃப்.சி. சான்று கிடைக்காவிட்டால் பிழைப்பே போய்விடும். அம்மாதான் வண்டிக்கடியில் படுத்துத் துருவைச் சுரண்டி, கடல் தண்ணீரில் கழுவி, பெயிண்ட் அடித்தாள். இப்படி இரண்டு முறை அடித்தும் பெயிண்ட் கொப்புளித்து உரிந்தது. மூன்றாம் முறை கழுவியதும் நான் இரும்பை நக்கினேன்.

"டேய், இன்னாடா நக்கிகினு கீற?"

"உப்பு கரிக்குதும்மா!"

அம்மா திட்டவில்லை. கடல் தண்ணீரின் உப்புதான் பெயிண்டை உரிக்கிறது என்று புரிந்துகொண்டாள். தூரத்துக் கிணற்றிலிருந்து குடம் குடமாக நல்ல தண்ணீர் சுமந்து கழுவினாள். ஒவ்வொரு தடவையும் தானும் நக்கிப் பார்த்தாள்.

"ஆத்தாளும் புள்ளையும் வண்டியத் துன்னுகினு கீறீங்களா?" என்று அப்பா சிரித்தார்.

உப்பு போய், இரும்பு காய்ந்த பிறகே அவள் பிரஷ்ஷைத் தொட்டாள். இந்த முறை பெயிண்ட் உரியவில்லை; எஃப்.சி. கிடைத்தது. என்ன பொம்பளை அவள்!

என் பிள்ளைகள் இந்தக் கதையை டிரைவர்களிடம் சொல்லும்போது அம்மாவை மட்டும்தான் புகழ்கிறார்கள். தாராளமாகப் புகழட்டும். ஆனால் முதலில் நக்கியவன் நான். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.