ஒண்ணு வாயில போட்டு உப்பு காரம் சொல்லு

என் வீட்டுக்காரர் அர்ச்சுனன் இருபத்திரண்டு வருடம் பாப்பாரப்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் சில்லி சிக்கன் போட்டவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது, சில்லி மாஸ்டர் என்றால் தெரியும். அவர் கையால் தின்னாத வாய் இந்த ஊரில் கிடையாது. ஆனால் அவர் கடைசியாக எனக்கென்று செய்த பண்டத்தை, இந்தா என்று நீட்டியும் வேண்டாம் என்று சொன்ன வாய் ஒன்று உண்டு. அது என் வாய்தான். அந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவர் ஏரியூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை. மழை பெய்தால் கேழ்வரகு, பெய்யாவிட்டால் பெங்களூரு பஸ். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேறு வழி இருந்ததில்லை. பத்தாவது தேறாமல் பஸ் ஏறியவர், ஓட்டலில் வெங்காயம் உரித்து, பாத்திரம் தேய்த்து, கடைசியில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றார். என்னைக் கட்டிக்கொண்ட பிறகு ஊர் திரும்பி வண்டி போட்டார். அங்கிருந்து அவர் கொண்டுவந்தது ஒரு ஜல்லிக்கரண்டியும், ‘சொல்ப அட்ஜஸ்ட் மாடி’ என்கிற ஒரு வார்த்தையும்தான். நான் எதற்குக் கத்தினாலும் அதையே சொல்லிச் சிரிப்பார். கொஞ்சம் பொறுத்துப் போ என்று அர்த்தமாம். இருபத்தேழு வருடம் பொறுத்துப் போனது யார் என்று இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் சட்டியைப் பார்த்துப் பொரிக்கிற ஆள் இல்லை. காதால் பொரிப்பார். கோழித் துண்டைப் போட்டதும் எண்ணெய் கூச்சல் போடும். கறிக்குள் ஈரம் வற்ற வற்றக் கூச்சல் அடங்கும். யாரோடாவது அரட்டை அடித்துக்கொண்டே இருப்பார், சத்தம் இறங்கும் நேரத்துக்குக் கை தானாகக் கரண்டிக்குப் போகும். “சுமலதா, எண்ணெய் வாயை மூடிடுச்சுன்னா கறி வெந்துடுச்சுன்னு கணக்கு. நீ எப்ப மூடுவே?” என்பார். வண்டியைச் சுற்றி நிற்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். நானும் விடமாட்டேன். “நான் இன்னும் வேகலீங்க, அடுப்பைக் கூட்டி வைங்க” என்பேன்.

இன்னொன்றும் உண்டு. மாஸ்டர் தான் போட்டதைத் தானே ருசி பார்க்கமாட்டார். அடுப்பு முன்னால் நிற்கிறவன் நாக்கு செத்த நாக்கு, அதை நம்பக்கூடாது என்பார். அதனால் தினமும் சாயங்காலம் முதல் ஈட்டில் எடுக்கிற முதல் துண்டு எனக்கு. “ஒண்ணு வாயில போட்டு உப்பு காரம் சொல்லு.” நான் சொன்ன பிறகுதான் வியாபாரம். நான் எப்போதும் ஒன்றையேதான் சொல்வேன்: “இன்னும் கொஞ்சம் உப்பு போடுங்க.” எனக்கு அப்படி ஒரு உப்பு நாக்கு. கொய்யாக்காய்க்கு உப்பு, மாங்காய்க்கு உப்பு, மோருக்குள் ஊறுகாய். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நான் சொல்லாத நாள் கிடையாது.

போன வருடம் ஆடி மாதம் வண்டியிலேயே அவருக்கு நெஞ்சு வலி வந்தது. தர்மபுரியில் சேர்த்து, குழாயில் அடைப்பு எடுத்து, ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி எண்ணெயில் பொரித்தது வாயில் படக்கூடாது, அடுப்பு முன்னால் நிற்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டியை வாசலில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினோம். அதே ஆஸ்பத்திரியில் கூட இருந்த எனக்கும் நர்ஸ் பிரஷர் பார்த்தது. “உங்களுக்கு ரொம்ப ஏறிக் கிடக்குதும்மா, உப்பைக் குறைங்க” என்று மாத்திரை எழுதி வாங்கிக் கொடுத்தது. அவருக்கு எண்ணெய் ஆகாது என்று தெருவெல்லாம் தமுக்கடித்த நான், எனக்கு உப்பு ஆகாது என்பதை ஒருவரிடமும் சொல்லவில்லை. மாத்திரை அட்டையை டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால் சொருகி வைத்தேன். ஒரு சமயம் போடுவேன், ஒரு சமயம் மறப்பேன்.

எங்களுக்கு ஒரே பெண், தேவிப்பிரியா. ஓசூரில் கம்பெனி வேலை. தீபாவளிக்கு வந்தபோது பெரிய பெட்டியோடு வந்தாள். ஏர் பிரையராம். கறுப்பாக, பானை மாதிரி உருண்டையாக இருந்தது, முன்னால் ஒரு டிராயர். எண்ணெயே இல்லாமல் சூட்டுக் காற்றில் பொரியும் என்றாள்.

அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். “காத்துல கோழி பொரியுமா? கண்ணு, இது உங்கம்மாவுக்குத் தலை காய வெக்கிற மிஷினு. பாத்துத் திருப்பிக் குடுத்துடு.”

நான் விடவில்லை. பெண் போனில் சொல்லச் சொல்ல, கடையில் விற்கிற சாஸை ஊற்றிப் பிசைந்து பார்பிக்யூ சிக்கன் செய்தேன். வாயில் போடுகிற அளவுக்குச் சின்னச் சின்னத் துண்டு. அவர் ஒன்றை எடுத்து மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். “பரவால்ல. ரெண்டு துண்டு சேத்தா செருப்புக்கு அடி போடலாம்” என்றார். எனக்கு வந்த கோபத்தில் மிஷினை அலமாரி மேல் ஏற்றிவிட்டேன்.

தை பிறந்து ஒரு நாள் துணி அலசும்போது அவர் சட்டைப் பையில் மடித்த பேப்பர் ஒன்று கிடைத்தது. எண்ணெய் ஊறி, மிளகாய்ப் பொடி ஒட்டி, ஓரத்தில் ஒரு கருவேப்பிலை. எங்கேயோ போய்ச் சில்லி தின்றிருக்கிறார். ஐயோ, எனக்குத் தலைக்கு மேல் ஏறியது. அந்தப் பேப்பரை அவர் மூஞ்சிக்கு நேராக ஆட்டிக்கொண்டு தெருவே கேட்கக் கத்தினேன். “உங்களை ஆஸ்பத்திரியில வெச்சுக்கிட்டு ஒம்போது நாள் நான் செத்துச் செத்துப் பொழச்சேன். உங்களுக்கு நூறு கிராம் சில்லி பெருசாப் போச்சா?”

“ரெண்டே துண்டும்மா. சொல்ப அட்ஜஸ்ட்…”

“இனிமே உங்ககிட்டப் பேசினா என்னான்னு கேளுங்க.”

அன்றோடு பேச்சை நிறுத்தினேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்வேன். “சுவரே, களி கிண்டியாச்சு, சாப்பிடச் சொல்லு.” அவரும் சுவரைப் பார்த்து, “சுவரே, கீரையில உப்பு ஜாஸ்தின்னு சொல்லிடு” என்பார். உள்ளுக்குள் சிரிப்பு வரும். காட்டிக்கொள்ளமாட்டேன். இப்படிப் பதினொரு நாள் ஓடியது.

அந்தப் பதினொரு நாளில் அவர் மிஷினை இறக்கிவிட்டார். பாலக்கோட்டுத் தக்காளி, ஊர்ப் புளி, வெல்லம், பூண்டு, சுட்ட வெங்காயம் என்று எதையெதையோ போட்டுக் காய்ச்சினார். அடுப்புக் கரித்துண்டைப் பழுக்க வைத்து, அதன்மேல் கிராம்பு போட்டு, அந்தப் புகையைச் சாஸுக்குள் மூடி வைத்தார். மிஷின் ஓடும்போது காதை அதனிடம் கொண்டுபோய் வைத்துக்கொள்வார். உள்ளே விசிறிச் சத்தம் மட்டும்தான். “சுவரே, இது ஒரே மாதிரி கத்துது, வெந்துச்சா வேகலியான்னு எவனுக்குத் தெரியும்?” என்று புலம்புவார். பிறகு டிராயரை இழுத்துக் கரண்டியால் துண்டைத் தட்டிப் பார்க்கப் பழகினார். நான் கூடத்தில் டிவி பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்த வாசனைக்கு எனக்கு வாய் ஊறியது. அது அவருக்குத் தெரியக்கூடாது என்பதுதான் அன்றைக்கு எனக்குப் பெரிய கவலை.

பதினொன்றாம் நாள் மத்தியானம் ஒரு தட்டில் ஒன்பது துண்டு கொண்டுவந்தார். கரும்பழுப்பாக, மேலே பாகு மினுமினுக்க, நன்றாகத்தான் இருந்தது. சுவரைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார்.

“சுமலதா, ஒண்ணு வாயில போட்டு உப்பு காரம் சொல்லு.”

கை நீட்டியிருக்கலாம். வீம்பு விடவில்லை. “இன்னிக்குச் சஷ்டி. நான் விரதம்” என்றேன்.

அவர் திரும்பித் தினசரி காலண்டரைப் பார்த்தார். அன்றைக்குச் சஷ்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. என் எதிரிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தின்ன ஆரம்பித்தார். ஒவ்வொன்றுக்கும் “ஆகா! சுவரே, ஆகா!” என்று சத்தம் போட்டார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டேன். போகும்போது பின்னாலிருந்து சொன்னார். “சாஸ் மிச்சம் பிரிட்ஜில வெச்சிருக்கேன். உன் சஷ்டி முடிஞ்சதும் நாளைக்குச் சூடாப் போட்டுத் தரேன்.”

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எலும்பில்லாத கறி அரைக் கிலோ வாங்கிவரப் போனார். திரும்பியவர் வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் வண்டியைப் பிடித்துக்கொண்டு, தார்ப்பாய் மேல் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். இன்னும் வம்பு பண்ணுகிறார் என்று நினைத்து, “சுவரே, உள்ள வரச் சொல்லு” என்று உள்ளிருந்தே கத்தினேன். இரண்டு தடவை கத்தினேன். அவருக்கு நான் கடைசியாகச் சொன்னது அதுதான், அதுவும் சுவரிடம். போய்ப் பார்த்தபோது கை மட்டும் கறிப் பையை விடாமல் பிடித்திருந்தது.

எங்களில் பதினாறாம் நாள் காரியம் சைவம். மறுநாள் போனவருக்குப் பிடித்ததைச் செய்து, இலை போட்டுப் படைப்போம். படைக்கிற வரைக்கும் சமைத்ததை யாரும் வாயில் வைக்கக்கூடாது. அவருடைய அக்கா சாலம்மாள், என் நாத்தனார், வண்டி அடுப்பைப் பற்றவைத்து எண்ணெயில் சில்லி போடச் சொன்னார். “பாவம், எண்ணெய்ப் பலகாரம் இல்லாமயே போயிட்டான். வயிறார வெச்சு அனுப்பலாம்.”

“அது பாட்டுக்கு இருக்கட்டும் அண்ணி. எனக்கு அந்த மிஷின்ல ஒரு ஈடு போடணும்” என்றேன்.

சாஸ் டப்பாவைப் பதினேழு நாளாக பிரீசரில் வைத்துக் காத்திருந்தேன். சின்ன எவர்சில்வர் டப்பா, ஒரு தடவைக்குத்தான் காணும். அவர் செய்தது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. தின்ற ஒரே ஆளும் போய்விட்டார். அந்த ருசியை நான் தெரிந்துகொள்ள இந்த ஒரு டப்பாவை விட்டால் வேறு வழி இல்லை, இதைக் கருக்கிவிட்டால் அதோடு தீர்ந்தது. டப்பாவை விரலால் ஒட்ட வழித்துக் கறியோடு பிசைந்தேன்.

“உப்புப் போட்டியா?” என்று நாத்தனார் கேட்டார்.

“அவர் காய்ச்சினதுல எல்லாம் இருக்கும். நான் ஒண்ணும் சேக்கமாட்டேன்” என்றேன். இருபத்திரண்டு வருடம் நான் உப்பு உப்பு என்று சொன்னதையே கேட்ட மனுசன், எனக்கென்று செய்ததில் உப்பை விடுவாரா என்று நினைத்தேன்.

தேவிப்பிரியா மிஷினில் சூட்டையும் நிமிஷத்தையும் வைத்துக் கொடுத்தாள். நான் அவரைப் போலவே காதைக் கொண்டுபோய் வைத்தேன். விசிறி ஒரே மாதிரிதான் கத்தியது. பாதியில் இழுத்துப் புரட்டினேன், பிறகு கரண்டியால் தட்டிப் பார்த்தேன். ஒன்பது துண்டுதான் வைத்தேன். படம் முன்னால் இலையில் சில்லிக்குப் பக்கத்தில் அதை வைத்து, கற்பூரம் காட்டி, காக்காய்க்கும் வைத்தாயிற்று.

அதன் பிறகு இலையிலிருந்து எல்லோருக்கும் பகிர்ந்தோம். நாத்தனார் முதலில் எடுத்துக் கடித்தவர் முகத்தைச் சுளித்தார்.

“ஏம்மா, உப்பே இல்லியே? நான் அப்பவே கேட்டேன். உப்பில்லாப் பண்டத்தையா அவனுக்கு வெச்சே?” என்று சொல்லிக்கொண்டே உப்பு ஜாடியை எடுத்துவர எழுந்தார்.

நான் ஒன்றை வாயில் போட்டேன். புளிப்பு முதலில் வந்தது, பிறகு வெல்லம், பூண்டு, கரிப் புகை, கடைசியில் காரம். உப்பு மட்டும் பேருக்குக்கூட இல்லை.

தேவிப்பிரியா தன் துண்டைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். “அம்மா…” என்றாள். “அப்பா எனக்குப் போன் பண்ணாரு. பிரஷர் இருக்கறவங்களுக்கு உப்பில்லாம எப்படி ருசி கொண்டுவர்றதுன்னு கேட்டாரு. யாருக்குப்பான்னேன். டீத்தூள் டப்பாவுக்குப் பின்னாடி ஒருத்தி மாத்திரையை ஒளிச்சு வெக்கிறா, அவளுக்குன்னு சொல்லிச் சிரிச்சாரு. எனக்கு ஒண்ணும் புரியல. அவர் ஏதோ வெளையாடறாருன்னு நெனச்சு, புளிப்பும் பூண்டும் கூட்டிப் போடுங்கப்பான்னு சொன்னேன்.”

அவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை மாதமாகத் தெரியுமோ. நான் தெருவே கேட்கக் கத்தினபோதும் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை, “உன் மாத்திரை எங்கடி” என்று ஒரே ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால் நான் அன்றைக்கே வாயை மூடியிருப்பேன். கேட்கவில்லை பாவி மனுசன். என்னோடு சண்டையில் ஜெயிக்கவே தெரியாமல் போய்விட்டார்.

நாத்தனார் உப்பு ஜாடியோடு வந்து இலை மேல் குனிந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “வேண்டாம் அண்ணி. போடாதீங்க. இது எனக்குச் செஞ்சது.”

மீதி இருந்த துண்டுகளை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தின்றேன். யாருக்கும் தரவில்லை. கண்ணீர் வழிந்து வாய்க்குள் போனது, அந்த உப்பையும் துடைத்துவிட்டுத் தின்றேன். கடைசித் துண்டை விழுங்கிவிட்டுப் படத்தை நிமிர்ந்து பார்த்தேன். சுவரை அல்ல, அவரை.

“சரியா இருக்குதுங்க” என்றேன். “உப்பு காரம் எல்லாம் சரியா இருக்குதுங்க.”