ஒரு சுற்று நிற்க வேண்டும்

அப்பா என்னைச் சித்தியோடு அனுப்பியது காவலுக்கு. எனக்கு ஒன்பது வயது. காவலுக்கு அது போதும் என்று எங்கள் வீட்டில் நினைத்தார்கள்.

தாம்பரம் ரயில்வே காலனியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம் நடன விருந்து வைப்பார்கள். அந்த வருஷம் அவர்களுடைய பேண்டில் வயலின் வாசித்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடு தங்கி, ஒரு பள்ளியில் டீச்சராக இருந்தாள். கர்நாடக சங்கீதம் பழகிய கை. கூட வேலை பார்த்த பியானோ டீச்சர் அவளைக் கேட்டுவிட்டாள். இரண்டு வாரம் சித்தி கதவைச் சாத்திக்கொண்டு இங்கிலீஷ் மெட்டுகளைப் பழகினாள். அப்பா இரண்டு நாள் யோசித்தார். "அங்க ஏதாவது ஒரு மாதிரி இருக்குன்னு காதுல விழுந்தா ஆள் அனுப்புவேன், உடனே கிளம்பி வந்துடணும்" என்று சொல்லி, என்னையும் சேர்த்து அனுப்பினார்.

லெவல் கிராஸிங்கில் நிற்கும்போது சித்தி சொன்னாள்: "கடைசி ஆட்டம் வரைக்கும் வாசிச்சுட்டேன்னா என்னைப் பேண்டுலயே வெச்சுப்பாங்களாம்டா. சமத்தா இரு." வயலின் பெட்டியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தாள்.

மேடையில் நாற்காலி போட்டிருந்தார்கள். சித்திக்கு நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்க வராது. மேஜை விரிப்பு ஒன்றைக் கேட்டு வாங்கித் தரையில் விரித்து, சம்மணம் போட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக்கொண்டாள். பேண்டின் தலைவர் ரிட்டையரான இன்ஜின் டிரைவர். அக்கார்டியனை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"இன்னா டீச்சர், பூஜையா?"

எல்லோரும் சிரித்தார்கள். முதல் ஆட்டம் முடிந்ததும் அவரே கத்தினார்: "டேய், டீச்சர் குந்திகினு இந்த வேகத்துல வாசிக்குது, நீங்க நின்னுகினு தூங்குறீங்களே!"

சித்தி தலையைக் குனிந்து சிரித்தாள். அடிக்கடி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்தேன், கேக் தின்றேன், மறுபடி எழுந்தேன். மூன்றாவது ஆட்டத்தில் பியானோ டீச்சரின் மகள் என்னைத் தன் ஜோடியாக வரிசைக்குள் இழுத்துவிட்டாள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர் வரிசை. ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்து ஜோடியோடு கைகோத்துச் சுற்றிவிட்டு ஓர் இடம் கீழே இறங்க வேண்டும். நான் மிதித்தேன், மோதினேன், ஆனாலும் இறங்கிக்கொண்டே போனேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்குமுன் வந்ததில்லை.

வரிசையின் கோடியை அடைந்ததும் அந்தப் பெண் உள்ளங்கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். மற்றவர்கள் ஆடினார்கள். தப்பாக ஆடியதால் எங்கள் இரண்டு பேரையும் வெளியே தள்ளிவிட்டார்கள் என்று நினைத்தேன். யாரோ சிரித்தார்கள். காது சுட்டது.

நேராக மேடைக்குப் போய்ச் சித்தியின் காதில் சொன்னேன்: "அப்பா ஆள் அனுப்பிச்சிருக்கார். உடனே வரணுமாம்."

அது பொய். இதுவரை யாரிடமும் இதை ஒப்புக்கொண்டதில்லை.

வில் பாதியில் நின்றது. மெட்டு கொஞ்சம் நொண்டிவிட்டு, வயலின் இல்லாமல் மேலே போனது.

"டீச்சர், இன்னாச்சு? இன்னும் அஞ்சு ஆட்டம் கீது!"

சித்தி கைகூப்பிவிட்டுப் பெட்டியை மூடினாள்.

வீட்டில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "அதுக்குள்ள முடிஞ்சுதா?" என்றார். சித்தி என்னைப் பார்த்தாள். "முடிஞ்சுது" என்றாள். பேண்டிலிருந்து அதன்பிறகு யாரும் வரவில்லை. அவளும் போய்க் கேட்கவில்லை. சிட்லபாக்கத்தில் அவள் சாகும்வரை அந்தப் பேச்சை நாங்கள் இருவரும் எடுக்கவில்லை.

போன டிசம்பரில், மேடவாக்கத்தில் என் மகள் குடியிருக்கும் அடுக்ககத்துக் கிறிஸ்துமஸ் விழாவில் அதே ஆட்டம். பேண்டில் ஒரு பெண் நின்றபடி வயலின் வாசித்தாள். பேத்தி என்னை வரிசைக்குள் இழுத்தாள். கோடியை அடைந்ததும் அதே உள்ளங்கை.

"ஒரு ரவுண்டு சும்மா நில்லு தாத்தா. கோடிக்கு வந்தா எல்லாரும் நிக்கணும். அடுத்த ரவுண்டு நாம திரும்ப உள்ள போயிடுவோம்."

நின்றேன். ஒரு சுற்று அரை நிமிடம்கூட இல்லை.

இது ஒன்பது வயதில் எனக்குத் தெரியாமல் போனதை மன்னிக்கலாம். என்னை உறுத்துவது வேறு. அன்று மேடையில் சித்தி 'ஏன்' என்று கேட்கவில்லை. யார் வந்தது என்றும் கேட்கவில்லை. முதல் ஆட்டத்திலிருந்தே அந்த ஆளை எதிர்பார்த்து, வாசலைப் பார்த்துப் பார்த்துத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே அந்த ஆள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்துவிட்டான் என்பது அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.