'ஆம்' டீச்சர்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'ஆம்' டீச்சர் என்று பெயர். எதற்கும் தலையாட்டுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். தலைமையாசிரியரிடம் அவள் ஆமாம் சொல்லி நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பாடம் நடத்தப் போய் வந்த பெயர் அது. நான் பக்கத்து வகுப்பில் கணக்கு டீச்சர். இரண்டு அறைக்கும் நடுவில் சுவர் கிடையாது, ஒரு மரத் தட்டிதான். அவள் நடத்தும் தமிழ், வேண்டாம் என்றாலும் என் காதில் விழும்.

ஐந்தாம் வகுப்புக்குக் கதை எது, கட்டுரை எது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். பாடப் புத்தகத்தில் புனைவு, அபுனைவு என்று போட்டிருக்கிறது. அதை வாசித்தால் பிள்ளைகளுக்குக் கொட்டாவிதான் வரும். நம் பேச்சோ அதைவிடக் குழப்பம். பொய் சொன்னாலும் 'கதை விடாதே' என்கிறோம், பட்டதைச் சொன்னாலும் 'என் கதையைக் கேள்' என்கிறோம். ஒரு வாண்டு எழுந்து, "டீச்சர், கட்டுக்கதைன்னா பொய். அப்ப கட்டுரையும் கட்டினதுதானே?" என்று கேட்டது. இந்தப் பக்கம் சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். "நீங்களே பார்த்ததுன்னா 'வந்தான்', 'போனான்'. மத்தவங்க சொல்லிக் கேட்டதுன்னா 'வந்தானாம்', 'போனானாம்'. கட்டுரைல அப்படி வந்தா, யார் சொன்னாங்கன்னு சேர்த்துச் சொல்லணும். நீங்களா கட்டினதும் 'ஆம்'தான். ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தானாம்னு சொல்றோம்ல? கட்டுறது தப்பே இல்ல. கட்டினதை நிஜம்னு சொல்றதுதான் தப்பு."

அவ்வளவுதான், பிள்ளைகளைக் கையில் பிடிக்க முடியவில்லை. அடுத்த பாடவேளை என்னிடம் வந்த ஒருத்தன் வாய்ப்பாடு சொல்கிறான்: "ஏழெட்டு அம்பத்தாறாம்." ஏன்டா என்றால், "நான் எண்ணிப் பாக்கல டீச்சர், நீங்க சொன்னதுதான்" என்கிறான். அவளைப் பிடித்துத் திட்டினேன். அவள் சந்தோஷமாகச் சிரித்தாள்.

அவளுடைய மகளும் அதே வகுப்பில்தான் படித்தாள். பள்ளி வாசலுக்குள் வந்துவிட்டால் அம்மாவை 'டீச்சர்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று இருவருக்கும் ஒப்பந்தம். அந்தப் பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோதே அவளுடைய வீட்டுக்காரன் விட்டுவிட்டுப் போய், இதே ஊரில் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அப்பா கப்பலில் வேலை பார்க்கிறார் என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தாள். நிஜத்தைச் சொல்லேன் என்றால், "இன்னும் கொஞ்சம் பெரிசாகட்டும்" என்பாள். பொய் என்று தெரிந்த அன்றைக்கு மகள் தன்னை நம்பாமல் போய்விடுவாளோ என்பதுதான் பயம். மற்ற எதற்கும் பயப்படாதவள் இதற்கு மட்டும் நடுங்கினாள்.

ஒருநாள் வகுப்பில் 'என் குடும்பம்' என்று எல்லோரையும் எழுப்பிப் பேச வைத்தாள். கட்டுரைதான், கதை கூடாது. மகளின் முறை வந்தது.

"எங்க அம்மா டீச்சரா இருக்காங்க. எங்க வீட்டுக் குழாய் எப்பவும் சொட்டும். எங்க அப்பா கப்பல்ல வேலை பாக்குறாராம்."

"யார் சொன்னாங்கன்னு சேர்த்துச் சொல்லணும்" என்றாள் இவள், பழக்க தோஷத்தில்.

"எங்க அம்மா சொன்னாங்க, டீச்சர்."

தட்டிக்கு இந்தப் பக்கம் நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன்.

"நான் பார்த்ததில்ல டீச்சர். அதான் 'ஆம்' போட்டேன். சரிதானே?"

"சரி. உக்காரு."

சாயங்காலம் வழக்கம்போல மூன்று பேருமாகப் பஸ்ஸுக்கு நடந்தோம். பஸ் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், பூட்டியிருந்த ஒரு கடை வாசலில் அவள் நின்றுவிட்டாள்.

"கண்ணு, அப்பா கப்பல்ல இல்ல. அது அம்மா கட்டினது. அவர் நம்மளை விட்டுட்டுப் போயிட்டார். இதே ஊர்லதான் இருக்கார்."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மகள் புத்தகப் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"என்னைப் பத்தி எப்பவாவது கேட்டாரா?"

நானாக இருந்தால் 'அடிக்கடி கேப்பார்' என்று சொல்லியிருப்பேன். யாருக்கு என்ன நஷ்டம்? சொல்லித் தொலையேன் என்று அவள் மேல் கோபம் கோபமாக வந்தது.

"இல்ல கண்ணு" என்றாள். "ஒரு தடவைகூடக் கேக்கல."

பிள்ளை அழுதது. எனக்கும் தாங்கவில்லை. எங்கள் பஸ் வந்து நின்றது, போய்விட்டது. யாரும் ஏறவில்லை. வெகு நேரம் கழித்து, அம்மாவின் புடவையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயும் போயிட மாட்டேல்ல?"

"மாட்டேன்."

அதை மகள் அப்படியே நம்பினாள்.